வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில் ஒரு பந்தயம்

நான் வேளாங்கண்ணிக்குப் போனது மாதாவைப் பார்ப்பதற்காக அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்க்கப் போனேன். மாதா வழியில் இருந்தார். வழியில் என்றும் சொல்ல முடியாது. தொண்ணூறு மைல் தள்ளி இருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. கண்டியில், கட்டுகஸ்தோட்டை ரோட்டில் ஒரு கராஜில் எனக்கு வேலை. லொறி, கார், துரைமாரின் மோட்டார் சைக்கிள் எல்லாம் அங்கே வரும். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக்கூட்டி வாசிப்பேன்.

என்னிடமும் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டத்துத் துரை அதைத் தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடும் கானுக்குள் விட்டுவிட்டு ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எழுந்து வந்ததும், இனி அதை என் கண்ணில் காட்டாதே என்று சொல்லிவிட்டார். தேயிலைப் பெட்டி இறக்கும் லொறியில் அதைத் துண்டு துண்டாகக் கண்டிக்குக் கொண்டுவந்தேன். சேர்த்துப் பூட்ட ஒரு வருடம் ஆனது. பக்கத்தில் ஆள் உட்கார ஒரு கூடும் இருந்தது. சைட்கார் என்று பெயர். எங்கள் வீட்டு வரிசையில் அதைத் தொட்டி என்றார்கள்.

ஓட்டினேன். ஆனால் கண்டியில் என்னத்தை ஓட்டுவது. மூன்றாவது கியருக்குக் கையைக் கொண்டுபோவதற்குள் ரோடு வளைந்து முடக்கு வந்துவிடும். முடக்கில் மாடு நிற்கும். பேராதனைப் பக்கம் கொஞ்சம் நேரான ரோடு உண்டு. வேகம் பிடிக்கும்போது பாலம் வந்துவிடும். அந்த எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவியிருக்கிறேன். அதை முழுக்கத் திறந்துவிட்டால் என்ன செய்யும் என்று தெரியாது. அது பல்லில் சிக்கிய நார் மாதிரி இருந்தது.

கராஜில் என்னோடு வேலை செய்த ஒருவர் புதுக்கோட்டைப் பக்கம் தன் ஊருக்கே திரும்பிப் போயிருந்தார். அவரிடமிருந்து ஒரு காகிதம் வந்தது. என் மனைவியின் தம்பி வாசித்தான். அவனுக்குக் கெலிஓயாவில் ஒரு சில்லறைக் கடையில் சாமான் நிறுக்கிற வேலை. வேலையை விட வாய்தான் அதிகம்.

"ஆனி மாசம் மொத சனிக்கிழமையாம், மச்சான். புதுக்கோட்டைக்கு வெளியில செம்மண் பொட்டல்ல மோட்டார் சைக்கிள் பந்தயமாம். காலம்பற பத்து மணிக்கு. முப்பது சுத்து. ஒரு சுத்து ஒரு மைல். வளைவு ரெண்டே ரெண்டுதானாம்."

"மத்தது?"

"நேரு."

நான் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"போறோமா, மச்சான்?"

"போறோம்."

வீட்டில் எப்படிச் சொல்வது என்பதுதான் மிச்சம். அதற்கு ஒரு வழி அலுமாரிக்குள்ளேயே இருந்தது.

என் மனைவிக்கு இரண்டு பிள்ளைகள் தங்காமல் போய்விட்டன. ஒன்று ஏழு மாதத்தில். ஒன்று பிறந்து மூன்றாம் நாள். மூன்றாவது உண்டானபோது அவள் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். நான் மொட்டை போட்டு, வெள்ளித் தொட்டில் ஒன்றை மாதாவின் காலடியில் வைக்க வேண்டும். தட்டாரிடம் சொல்லித் தொட்டிலும் செய்தாகிவிட்டது. பெருவிரல் நீளம் இருக்கும். துணியில் சுற்றி அலுமாரியில் வைத்திருந்தாள். எப்போது போறீங்க என்று கேட்பாள். வேலை இருக்கு என்பேன். இப்படி மூன்று மாதம் போயிருந்தது.

அன்று சோறு சாப்பிடும்போது சொன்னேன்.

"வேளாங்கண்ணிக்குப் போயிட்டு வந்திர்றேன்."

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "என்ன திடீர்னு?"

"நேர்ந்தது இருக்கில்ல."

"மூணு மாசமா இருக்கு."

"அதான்."

"எப்ப?"

"ஆனி மொத சனிக்கிழமை அங்க இருப்பேன்."

என் தட்டில் இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டாள். பிறகு சொன்னாள்: "அப்ப அன்னைக்கு அந்தி மணி அடிக்கும்போது வெள்ளித் தொட்டில மாதா காலடியில வைங்க. நான் இங்க கோயில்ல அதே மணிக்கு முழங்கால்ல நிப்பேன். அதுவரைக்கும் அன்னைக்குப் பச்சத் தண்ணி பல்லுல படாது."

"வேணாம். வயித்துல புள்ள இருக்கு."

"அதுக்குத்தானே."

நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். பந்தயம் பத்து மணிக்கு. முப்பது மைல் ஓட எவ்வளவு நேரம் ஆகும். பதினொன்றுக்குள் முடிந்துவிடும். அங்கிருந்து வேளாங்கண்ணிக்கு ஐந்து மணி நேரம். அந்தி மணி ஆறுக்கு. ஒரு மயிரும் உதிராது. மொட்டையைத் தவிர.

எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வேளாங்கண்ணிக்குப் போகிறார் என்றால் அவர் தனியாகப் போக முடியாது. எல்லோருடைய நேர்ச்சையும் அவரோடு போகும். நான் சொன்னது என் மனைவியிடம் மட்டும். மறுநாள் ரொட்டி விற்கிற பாண்காரன் வருவதற்குள் ஒரு கட்டு மெழுகுதிரி வந்துவிட்டது. பிறகு வெள்ளியில் ஒரு கண். வெள்ளியில் ஒரு முழங்கால். மாதாவுக்கு எழுதி நாலாக மடித்த காகிதங்கள். மாதா காலடியில வெச்சிடுங்க, வாசிக்காதீங்க என்றார்கள். வாசிக்கிற ஆள் நானா.

ஐந்தாம் வீட்டு அக்கா கடைசியாக வந்தார். கையில் பிரம்புக் கூடை. கூடைக்குள் சேவல்.

"இது மாதாவுக்கு விட்டது, தம்பி."

என் மச்சினன் குறுக்கே வந்தான். "அக்கா, சேவலைக் கடல் தாண்டியெல்லாம் தூக்கிட்டுப் போக முடியாது. அங்கயே ஒண்ணு வாங்கி விட்டுர்றோம். மாதாவுக்கு எல்லாச் சேவலும் ஒண்ணுதான்."

"ஒனக்கு எல்லாப் பொம்பளையும் ஒண்ணா?"

அவன் கூடையைக் கையில் வாங்கிக்கொண்டான். அப்போது அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குஞ்சுல கீரி வாயில இருந்து தப்பிச்சது இது" என்றார் அக்கா. "அன்னைக்கே மாதா பேரைச் சொல்லிட்டேன். சொன்னது இந்தச் சேவல். இதுதான் போகணும்."

அப்படித்தான் நாங்கள் மூன்று பேரானோம்.

புதன்கிழமை விடிய முன் புறப்பட்டோம். நான் சேணத்தில். மச்சினன் தொட்டிக்குள். அவன் மடியில் கூடை. கூடையில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியாகச் சேவல் தலையை நீட்டி அவன் தாடைக்குக் கீழே நின்று ரோட்டைப் பார்த்தது. மெழுகுதிரிக் கட்டு அவன் காலடியில். வெள்ளிச் சாமான்கள் ஒரு தகரப் பெட்டியில். தொட்டிலை மட்டும் நான் சட்டைப் பையில் வைத்து மேலே ஊசி குத்திக்கொண்டேன்.

மாத்தளை தாண்டி, தம்புள்ளையும் தாண்டியதும் மலை முடிந்தது. ரோடு நேராகக் கிடந்தது. மூன்றாவது கியர் போட்டேன். முடக்கு வரவில்லை. இன்னும் வரவில்லை. சேவல் கண்ணை மூடிக்கொண்டது. மச்சினனும் மூடிக்கொண்டான்.

"என்ன மச்சான் இது, கொக்குப் போற மாதிரிப் போறீங்க?"

"பிடிச்சுக்க."

அனுராதபுரத்தில் ஒரு இரவு. பிறகு மன்னார். அங்கே வண்டியை ரயிலில் ஏற்றி, தலைமன்னாரில் கப்பலில் ஏற்றி, அந்தப் பக்கம் தனுஷ்கோடியில் இறக்கினோம். சுங்க அதிகாரி ஒருவர் வந்தார். நெற்றி நிறைய விபூதி. சேவலைப் பார்த்தார்.

"இது என்ன?"

"சேவல், ஐயா."

"தெரியுது. எதுக்கு?"

"வேளாங்கண்ணிக்கு."

மோட்டார் சைக்கிளைக் காட்டினார். "இது?"

"அதுவும் வேளாங்கண்ணிக்குத்தான்" என்றான் மச்சினன். கண்ணை ஒரு தரம்கூடச் சிமிட்டவில்லை.

அவர் தகரப் பெட்டியைத் திறந்து வெள்ளிக் கண்ணையும் முழங்காலையும் பார்த்தார். மூடினார். எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன்.

"எம் பொண்ணுக்கு வரன் தகையாம இருக்கு. எனக்கும் ஒரு மெழுகுதிரி ஏத்திருங்க" என்றார். "கூடையில தண்ணி வையுங்க. சேவல் வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கிது."

பாம்பன் வழியாகத் திரும்ப ரயில். மண்டபத்தில் இறக்கிப் பெட்ரோல் ஊற்றினோம். அங்கிருந்து ரோடு தட்டை. இரண்டு பக்கமும் பனை. ஆட்கள் நின்று பார்த்தார்கள். எங்கிருந்து என்று கேட்டார்கள். கண்டி என்றோம். அந்தப் பக்கத்தில் இலங்கைக்கே கண்டி என்றுதான் பெயர். யாழ்ப்பாணத்திலிருந்து போனாலும் கண்டிக்காரன்தான். நாங்கள் நிஜமாகவே கண்டி என்று மச்சினன் ஒவ்வொரு ஊரிலும் இறங்கி விளக்கினான். யாரும் லட்சியம் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது என் பழைய கூட்டாளி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் வெளியே வந்து மோட்டார் சைக்கிளைத்தான் முதலில் சுற்றிப் பார்த்தார். பிறகுதான் எங்களை வாங்க என்றார்.

மறுநாள் ஒன்பது மணிக்கெல்லாம் பொட்டலில் இருந்தோம். செம்மண். புல் பூண்டு இல்லை. சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். ஒரு பந்தல், பந்தலில் உட்காரக் கதிரைகள், ஓரத்தில் பேண்டு வாத்தியக்காரர்கள். ஒன்பது மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. மீசை வைத்த ஒரு பெரிய வெள்ளைக்காரர். மில் முதலாளி ஒருவரின் மகன், கழுத்தில் பட்டுக் குட்டையுடன். இன்னும் சிலர். கடைசியில் கறுப்பு பனியன் போட்ட ஒரு மெக்கானிக். அவன் வண்டியைப் பார்த்தால் யாரும் பணம் கொடுத்து வாங்க மாட்டார்கள். சைலன்சரைக் கம்பியால் கட்டியிருந்தான்.

பத்து மணி ஆனது. யாரும் அசையவில்லை. பெரிய மனிதர் ஒருவர் வந்து கொடி அசைக்க வேண்டுமாம். அவர் வரவில்லை. பதினொன்று ஆனது. பேண்டு வாசித்தார்கள். பதினொன்றரைக்கு அதையே மறுபடி வாசித்தார்கள்.

நான் கறுப்பு பனியன்காரன் பக்கம் போய்க் குந்தினேன். அவன் வால்வை இறுக்கிக்கொண்டிருந்தான். கையை நீட்டினான். எந்த ஸ்பேனர் என்று சொல்லவில்லை. எடுத்துக் கொடுத்தேன். அதுதான் வேண்டும் அவனுக்கு. அப்போதுதான் திரும்பிப் பார்த்தான்.

"எந்த ஊரு?"

"கண்டி."

"அங்கிட்டு மோட்டாரு இருக்கா?"

"இருக்கு."

"ரோடு?"

"இல்ல."

சிரித்தான். அதற்குமேல் பேசவில்லை. இரண்டு பேரும் அந்த எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தோம். நல்ல நேரம் அது.

அப்போது பந்தலுக்குப் பின்னால் ஒரே கூச்சல். நான் இல்லாத நேரத்தில் மச்சினன் ஏதாவது செய்வான் என்று தெரியும். எழுந்து போனேன். ஆட்கள் வட்டமாக நின்றார்கள். நெருக்கிக்கொண்டு உள்ளே போனேன். நடுவில் எங்கள் சேவல் நின்றது. எதிரே அதைவிட இரண்டு பங்கு பெரிய, கீரி நிறத்துச் சண்டைச் சேவல் ஒன்று. அந்தப் பக்கத்தில் சேவல்கட்டு என்றால் சோறு தண்ணி வேண்டாம். பந்தயம் தாமதமானால் மனிதர் என்ன செய்வார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. எங்கள் சேவல் ஒரே எகிறு. பெரியது திரும்பி, ஆட்களின் காலுக்கு நடுவே புகுந்து ஓடியது. அதன் சொந்தக்காரர் அதன் பின்னால் ஓடினார்.

"கண்டிச் சேவலுடா" என்றார் ஒருவர். "கடல் தாண்டிச் சண்டைக்குன்னே கொண்டாந்திருக்காங்க."

நான் மச்சினனைப் பார்த்தேன்.

"மாதா சேவலைச் சண்டைக்கு விட்டியா?"

"நான் விடல, மச்சான். அதுவா எறங்குச்சு."

"கூடைய யாரு தொறந்தது?"

"மூச்சு முட்டுதேன்னு தொறந்தேன்."

"வட்டத்துக்குள்ள யாரு வெச்சது?"

"காத்தோட்டமா இருக்கட்டும்னு வெச்சேன்."

சேவலைத் தூக்கினேன். கொண்டையில் ஒரு கீறல். ரத்தம் வந்தது. கையில் மருந்து எதுவும் இல்லை. கறுப்பு பனியன்காரனிடம் கொஞ்சம் கிரீஸ் வாங்கித் தடவினேன். சேவல் சிலிர்த்துக்கொண்டது. அதற்குப் போதை ஏறிய மாதிரி இருந்தது. திரும்பத் திரும்ப வட்டத்தைப் பார்த்தது.

பன்னிரண்டு அடித்தது. நான் நிழலைப் பார்த்தேன். காலடியில் சுருண்டு கிடந்தது. ஒரு மணிக்குப் புறப்பட்டால்தான் ஆறுக்குப் போய்ச் சேரலாம். கண்டியில் அவள் காலையிலிருந்து சாப்பிடாமல் இருப்பாள். சொன்னால் சொன்னபடி செய்கிற ஆள். ஆறு மணிக்கு நான் வைக்காவிட்டால் அவளுக்குத் தெரியவா போகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. எனக்குத் தெரியுமே என்று அடுத்த நினைப்பு வந்தது. இரண்டாவது வராமல் இருந்திருக்கலாம்.

பெரிய மனிதர் பன்னிரண்டே முக்காலுக்குக் காரில் வந்தார். மாலை போட்டார்கள். பேசினார். சரியாக ஒரு மணிக்குக் கொடியை அசைத்தார்.

ஒன்பது எஞ்சினும் ஒன்றாகத் திறந்தன. சத்தம் காதில் கேட்கவில்லை. காலில் கேட்டது. மண் அதிர்ந்து முழங்கால் வரைக்கும் ஏறியது. தூசிக்குள் போனவர்கள் அந்தப் பக்கம் நீளமான நேர்க்கோட்டில் வெளியே வந்தார்கள். அப்போதுதான் பார்த்தேன். பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லாமல் ஓர் எஞ்சின் போவதை. முன்சக்கரம் மண்ணைத் தொட்டும் தொடாமலும் போனது. நான் கழுவித் துடைத்து வைத்த சாமான்கள் எல்லாம் இதற்குத்தானா என்று இருந்தது. வாய்க்குள் மண் போனது. மூடத் தோன்றவில்லை.

இரண்டாவது சுற்றில் மில் முதலாளி மகன் வளைவில் திரும்ப மறந்து நேராகப் பேண்டுக்காரர்களிடம் போனான். அவர்கள் சிதறி ஓடினார்கள். யாருக்கும் அடியில்லை. பெரிய மேளம் மட்டும் கிழிந்தது. அவன் எழுந்து முதலில் குட்டையைச் சரிசெய்துகொண்டான்.

ஐந்து சுற்றுப் பார்த்துவிட்டுப் போய்விடுவோம் என்றேன். ஐந்து ஆனது. வெள்ளைக்காரர் முதலாவது. பத்துப் பார்ப்போம் என்றேன். பத்தும் ஆனது. இரண்டாவதாக வந்தவன் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். கறுப்பு பனியன் நாலாவதாக வந்தான். தலையைப் பெட்ரோல் டாங்கியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் யாரும் இல்லாதது போல வந்தான். பதிமூன்றாவது சுற்றில் எழுந்தேன்.

"இன்னும் பதினேழுதான், மச்சான்."

"ஏறு."

"அரை மணி நேரத்துல முடிஞ்சிரும். அதுக்கப்புறம் பறந்து போவோம்."

"ஏறு, மாப்புள."

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறினான். நான் உதைத்துக் கிளப்பினேன். முதுகுக்குப் பின்னால் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. அரை மைல் வரைக்கும் சத்தம் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

தஞ்சாவூர் ரோட்டில் வைக்கோல் வண்டிகள். ஒன்றை முந்தினால் இன்னொன்று. மாடுகள் எங்களைக் கண்டு மிரண்டன. வண்டிக்காரர்கள் எங்கள் வம்சத்தையே விசாரித்தார்கள். மச்சினன் கூடையைத் தூக்கிக் காட்டி, மாதாவுக்கு, மாதாவுக்கு என்று கத்திக்கொண்டு வந்தான். தஞ்சாவூர் தாண்டி எஞ்சின் விக்கியது. நிறுத்திப் பிளக்கைக் கழற்றினேன். ஆறும்வரை காத்திருக்க நேரமில்லை. விரல் இரண்டு பொரிந்துபோனது. திருவாரூரில் ரயில் கேட் மூடியிருந்தது. கேட்காரரிடம் மச்சினன் நேர்ச்சையைப் பற்றிச் சொன்னான்.

"மாதாவே வந்தாலும் ரயில் போனாத்தான் தொறப்பேன்" என்றார் அவர்.

ரயில் போனது. ஆட்டுக்குட்டி போகிற வேகத்தில் போனது.

நாகப்பட்டினம் தாண்டி மணல். சக்கரம் புதைந்தது. மச்சினன் இறங்கித் தள்ளினான். கோயில் தெரியும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது.

முதலில் மொட்டை. பிறகுதான் காணிக்கை. அதுதான் முறை. கடற்கரைப் பக்கம் கீற்றுக் கொட்டகையில் நாவிதர் ஒருவர் கருவிகளைக் கட்டி வைத்துக்கொண்டிருந்தார். போய் முன்னால் உட்கார்ந்தேன்.

"அவசரம்" என்றேன்.

"மாதாகிட்ட என்ன தம்பி அவசரம்?" என்று தண்ணீரைத் தொட்டுத் தலையில் தேய்த்தார். "எந்த ஊரு?"

"கண்டி."

"எங்க மாமா மகன் கண்டியிலதான் இருக்கான். நெட்டையா இருப்பான். பாத்திருக்கீங்களா?"

"இல்ல. வேகமா."

"தலை பூரா செம்மண்ணா இருக்கே. கத்தி மழுங்கிரும். மண்ணுல புரண்டீங்களா?"

வலது பக்கம் முடிந்திருந்தது. நெற்றியிலிருந்து பிடரி வரை நேர்க்கோடு. அப்போது மணி அடித்தது.

எழுந்தேன்.

"யேய், பாதிதான் ஆயிருக்கு."

ஓடினேன். பின்னால் மச்சினன் கூடையோடும் பெட்டியோடும் ஓடிவந்தான். கோயிலுக்குள் எல்லோரும் முழங்காலில் இருந்தார்கள். நடுவே போனேன். தலைகள் திரும்பின. ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் முடி, முகமெல்லாம் செம்மண். ஒரு பெண் தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். ஊசியைக் கழற்றினேன். விரல் எரிந்தது. தொட்டிலை மாதாவின் காலடியில் வைத்தபோது மணி இன்னும் ஓயவில்லை.

முழங்காலில் நின்றேன். கண்டியில் அவளும் இப்போது நிற்பாள். பிள்ளை தங்க வேண்டும் என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் பந்தயம் நினைவில் இல்லை என்று சொல்ல ஆசை. கொஞ்சம் இருந்தது.

எனக்குப் பின்னால் சேவல் கூவியது. அந்தி நேரத்தில், கோயிலுக்குள், தொண்டை கிழியக் கூவியது.

மற்றதையெல்லாம் வாங்கி வைத்துவிட்டுக் காணிக்கை வாங்குகிறவர் சேவலைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "கொண்டையில என்ன, கிரீஸா?"

"கண்டியில எண்ணெய்க்குப் பதிலா அதைத்தான் வைப்போம்" என்றான் மச்சினன்.

திரும்பிப் போனால் நாவிதர் வீட்டுக்குப் போய்விட்டார். ஞாயிறு காலையில்தான் மீதித் தலை. அதுவரைக்கும் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். சத்திரத்தில் அது அவிழ்ந்துவிட்டது. வயதான ஒரு அம்மா பார்த்துவிட்டு, இது என்ன நேர்ச்சை, கேள்விப்பட்டதில்லையே என்றார்.

"பாதி வேண்டுதல் நெறவேறிருச்சு, அம்மா" என்றான் மச்சினன். "மீதி நாளைக்கு."

அந்த அம்மா என்னைக் கும்பிட்டார். நான் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது மண்டபம் கேம்பில் சில நாள் வைத்துத்தான் அனுப்பினார்கள். அம்மை, கொள்ளைநோய் ஒன்றும் கொண்டுபோகக் கூடாது என்று அப்படி ஒரு சட்டம். அந்த நாட்களில் மச்சினன் வீட்டில் சொல்ல வேண்டியதை எல்லாம் தயார் செய்தான். வெள்ளிக்கிழமையே வேளாங்கண்ணிக்குப் போய்விட்டோம். சனிக்கிழமை முழுக்கக் கோயிலில் இருந்தோம் என்பதுதான் அவன் கதை. என்னை ஒப்பித்துக் காட்டச் சொன்னான். நான் ஒப்பிக்கவில்லை.

வந்து இறங்கியதும் வரிசையே கூடிவிட்டது. நாங்கள் கொண்டுவந்த கோயில் எண்ணெயைத் தொட்டுத் தொட்டுப் பூசிக்கொண்டார்கள். மச்சினன் அரை மணி நேரம் பேசினான். அவன் பேசியதைக் கேட்டால் நானே இன்னொரு தரம் போய்வந்த மாதிரி இருந்தது.

"சேவல் மாதாவைப் பாத்துச்சா?" என்று கேட்டார் ஐந்தாம் வீட்டு அக்கா.

"பாத்துச்சு. கோயில் பூரா கேக்கிற மாதிரிப் பேசவும் செஞ்சுச்சு" என்றான் மச்சினன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது மட்டும் பொய்யில்லை.

எல்லோரும் போன பிறகு என் மனைவியிடம் கேட்டேன்.

"அன்னைக்கு எப்ப சாப்பிட்ட?"

"மணி அடிச்சு முடிச்சதும். நீங்க எப்ப வெச்சீங்க?"

"மணி அடிக்கும்போது."

தலையை ஆட்டினாள். என் மொட்டையைத் தடவிப் பார்த்தாள். அதோடு விட்டிருக்கலாம். மூன்று நாள் விட்டிருந்தேன். நாலாம் நாள் அவள் குசினி வாசலில் உட்கார்ந்து பலாக்கொட்டை சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் அரிக்கன் லாம்பின் திரியை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"போற வழியில ஒரு பந்தயம் பாத்தேன்" என்றேன்.

"என்ன பந்தயம்?"

"மோட்டார் சைக்கிள்."

கத்தி நின்றது. "எப்ப?"

"சனிக்கிழமை மத்தியானம்."

"நான் பட்டினி கெடந்த மத்தியானம்."

"ஆமா."

"மொதல்லயே தெரிஞ்சுதான் போனீங்க."

"ஆமா."

அவள் நாலு கொட்டையைச் சுரண்டினாள். ஐந்தாவதையும் சுரண்டினாள். நான் திரியைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டேன்.

"யாரு ஜெயிச்சா?" என்றாள்.

"தெரியாது."

"தெரியாதா?"

"பதிமூணு சுத்துல வந்திட்டேன். முப்பது சுத்து. மணிக்குப் போய்ச் சேரணுமே."

கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "கடல் தாண்டிப் போயி, பொய்யச் சொல்லி, புள்ளத்தாச்சிய ஏமாத்தி, கடைசில யாரு ஜெயிச்சான்னு பாக்காம வந்திருக்கீங்க."

அவள் கோபம் அதில்தான் இருந்தது.

"யாரு யாரு ஓட்டுனா? சொல்லுங்க."

சொன்னேன். வெள்ளைக்காரரைச் சொன்னேன். பட்டுக் குட்டையைச் சொன்னேன். மேளம் கிழிந்த இடத்தில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் ஒரேயடியாக அவ்வளவு பேசியது அன்றுதான். அவள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். யாரு திரும்பிப் பாத்தான். யாரு வண்டி பொகைஞ்சுது. அந்தக் கம்பி கட்டுனவன் எத்தனையாவதா வந்தான்.

"நாலாவதா."

"எப்பவுமா?"

"பதிமூணு சுத்தும்."

"அப்ப அவன்தான் ஜெயிச்சிருப்பான்."

"எப்பிடி?"

"பதிமூணு சுத்தும் அதே எடத்துல ஒருத்தன் வர்றான்னா, முடியாம வரல. வேணும்னே நிக்கிறான். மத்தவங்க களைக்கட்டும்னு."

நான் பதினைந்து வருடம் எஞ்சின் பார்த்தவன். எனக்கு அது தோன்றவில்லை.

ஐப்பசியில் பிள்ளை பிறந்தது. பெண். தங்கினாள்.

புதுக்கோட்டைக் கூட்டாளிக்கு ஒரு காகிதம் போட்டு யார் ஜெயித்தது என்று கேட்டிருக்கலாம். மச்சினன் எழுதுகிறேன் என்று இரண்டு தரம் சொன்னான். வேண்டாம் என்றேன். வெள்ளைக்காரர் ஜெயித்தார் என்று பதில் வந்தால், அதை யார் அவளிடம் வாசித்துக் காட்டுவது.